பஞ்ச் அடித்த தேதியா, வார்ப்பில் விழுந்த தேதியா?

சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடை. மேசைமேல் இரண்டு டைனமோ, காரின் பேட்டரியை சார்ஜ் செய்பவை, லூகாஸ் கம்பெனி செய்தவை. இரண்டுமே மாமாவின் 1951 மோரிஸ் மைனருக்குப் பொருந்தும். ஒன்றின் வெளிக்கூட்டில் 3 51 என்று பஞ்ச் அடித்திருக்கிறது, மற்றதில் 9 53. "ரெண்டும் ஒரே சரக்குதாங்க, கனமா இருக்கறத எடுத்துக்கங்க" என்றார் கடைக்காரர். மாமாவுக்கு 3 51 தான் வேண்டும். வண்டியோடு பிறந்தது என்று நாலு பேரிடம் சொல்ல வேண்டுமே!

அந்த எண்கள்தான் பொருளைச் செய்த தேதி. லூகாஸின் பழைய பொருள்களில் முதல் எண் மாதம், அடுத்தது ஆண்டு. பிற்காலத்தில் மாதத்துக்குப் பதில் வாரத்தை அடித்தார்கள். முதல் எண் 12-ஐத் தாண்டினால் அது வாரம்தான், யோசிக்கவே வேண்டாம். ஆண்டு இரண்டு இலக்கத்தில் இருப்பதால் படிக்கச் சுலபம். ஆனால் தேதி இருப்பது கூட்டின்மேல் மட்டும். உள்ளே சுழலும் கம்பிச்சுருளான ஆர்மேச்சரை மூன்று முறை மாற்றியிருந்தாலும் கூடு 1951 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பஞ்ச் ஆழமும் குறைவு. கிரைண்டர் ஒருமுறை பட்டால் போச்சு. ஆசை பிடித்தவர்கள் புதிதாக அடித்தும் விற்கலாம். எண்ணைச் சுற்றி மட்டும் உலோகம் பளபளவென்று இருந்தால் நான் கையை எடுத்துவிடுவேன்.

வார்ப்புத் தேதி வேறு சாதி. இரும்பை ஊற்றும்போதே அச்சிலிருந்து புடைத்து வருவது. வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போகாது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சாக்பீஸைப் பூசி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஷெட்டில் 1949 செவர்லே ஒன்றின் பிளாக்கை, அதாவது இன்ஜினின் அடிக்கட்டையை, அப்படித்தான் படித்தோம்: ஜே 14 8. செவர்லேயைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் கணக்கில் ஏ என்றால் ஜனவரி, அப்படியே போய் எல் என்றால் டிசம்பர். ஆக, ஜே அக்டோபர். 1948 அக்டோபர் 14-இல் ஊற்றிய இரும்பு 1949 மாடலில் உட்கார்ந்திருப்பது நியாயம். பிளாக்கின் மேல் மூடியான ஹெட்டில் சி 9 2 என்று இருந்தது, அதாவது 1952 மார்ச். ஹெட் பின்னால் மாற்றியது என்று அங்கேயே தெரிந்துபோயிற்று.

இதிலும் வில்லங்கம் உண்டு. ஆண்டுக்கு ஒரே இலக்கம். 8 என்றால் 1938-ஆ, 1948-ஆ? பக்கத்தில் வார்ப்பிலேயே இருக்கும் பாக எண்ணைப் பார்த்து, அது எந்த இன்ஜினுக்கு உரியது என்று தெரிந்தால்தான் பத்தாண்டு பிடிபடும். கம்பெனிக்குக் கம்பெனி முறையும் மாறும். 1960-களின் ஃபோர்டு ஆண்டை முன்னால் போடும், பிறகு மாத எழுத்து, கடைசியில் நாள். அதுவும் ஐ என்ற எழுத்தை விட்டுவிடும், ஒன்று என்ற எண்ணோடு குழம்பக் கூடாதென்று. அதனால் ஃபோர்டில் ஜே செப்டம்பர், செவர்லேயில் அதே ஜே அக்டோபர். இது தெரியாமல் வாதாடி நான் ஒரு மெக்கானிக்கிடம் டீக்காசு தோற்றிருக்கிறேன்.

கண்ணாடியையும் சிலர் சாட்சிக்கு இழுப்பார்கள். பழைய டிரிப்ளெக்ஸ் கண்ணாடியில் 'டஃபன்டு' (TOUGHENED, கெட்டிப்படுத்தியது) என்பதற்கான ஒன்பது ஆங்கில எழுத்துகளில் எதை ஒட்டிப் புள்ளி இருக்கிறதோ, அந்த எழுத்தின் வரிசையெண் ஆண்டின் கடைசி இலக்கம். அழகான ஏற்பாடு. ஆனால் மலைப்பாதையில் ஒரு கல் தெறித்தால் சாட்சியே மாறிவிடும்.

என்னைக் கேட்டால், பிளாக், ஹெட் போன்ற கனத்த பொருளுக்கு வார்ப்புத் தேதிதான் முதல். மின்பொருளுக்குப் பஞ்ச்சை விட்டால் வேறு வழியில்லை, ஆனால் திறந்து பார்க்காமல் நம்ப மாட்டேன். எதுவானாலும் தேதி வண்டி கட்டிய நாளுக்குச் சில வாரமோ சில மாதமோ முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் அது மாற்றுச் சரக்கு.

இரண்டு டைனமோவையும் பட்டறையில் பிரித்தோம். 3 51-இல் கம்யூட்டேட்டர், அதாவது பிரஷ் உரசும் செம்பு வளையம், பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தது, 9 53 சுத்தம். மாமா அரை மனசோடு 9 53-ஐ மாட்டச் சொன்னார். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போனோம், டைனமோ சார்ஜ் செய்யாவிட்டால் எரியும் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. 3 51 இப்போது அவர் பீரோமேல் இருக்கிறது, துணி சுற்றி.