காயலான் கடையிலிருந்து வந்த தூசி உறிஞ்சிகள்: 11 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மதுரை ஹார்விபட்டியில் உள்ள எங்கள் வீட்டின் பின்கட்டில் இப்போது ஒன்பது வேக்குவம் கிளீனர்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றுகூட வீட்டு உபயோகத்துக்காகச் செய்யப்பட்டதன்று. விடுதி, திரையரங்கு, நூற்பாலை, மருந்துக் கூடம் ஆகிய இடங்களில் நாள் முழுவதும் ஓடுவதற்கென்று செய்யப்பட்டு, ஓய்ந்த பிறகு எடைக்குப் போடப்பட்டவை. 11 ஆண்டுகளாக இவற்றைத் தேடிச் சேர்ப்பதோடு நில்லாமல், முறைவைத்து ஒவ்வொன்றையும் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தியும் வருகிறேன். ஓடாத இயந்திரத்தைத் துடைத்து வைத்துப் பார்ப்பதில் எனக்கு நிறைவு ஏற்படுவதில்லை.

நம் ஊரில் வேக்குவம் கிளீனர் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது, 1982 இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தின் விற்பனையாளர்கள் வீடு வீடாக வந்து இயக்கிக் காட்டிய யூரோகிளீன்தான். தொழிற்கூட வகைகள் கண்ணில் படாமலேயே உழைத்து முடித்துவிட்டன. அதனால் காயலான் கடைக்காரர்களுக்கும் அவை வெறும் அலுமினியமும் செம்பும்தான். நான் சொல்லிவைத்திருக்கும் கடைக்காரர் ஒருவர் மட்டும், ‘இது உங்க சாமானா பாருங்க சார்’ என்று உடைப்பதற்கு முன் கூப்பிடுவார்.

அப்படிக் கிடைத்ததுதான் நான் மிக அதிகமாகப் பயன்படுத்தும் நில்ஃபிஸ்க் ஜிஎம் 80. டென்மார்க்கில் 1906 இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1910 இல் வெளியிட்ட முதல் தூசி உறிஞ்சியின் எடை 17.5 கிலோ என்பதை அறிந்தால், ஒரு கையால் தூக்கக்கூடிய இந்த அலுமினிய வாளியின் அருமை விளங்கும். மேலே மோட்டார், அதன் கீழே அகன்ற துணி வடிகட்டி, அதற்கும் கீழே தூசி சேரும் காகிதப் பை என்று அடுக்கடுக்காக அமைந்திருப்பதால், கொக்கிகளை விடுவித்தால் முழு இயந்திரமும் பிரிந்து கைக்கு வருகிறது. ஏழு ஆண்டுகளில் கார்பன் பிரஷை (மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) இருமுறையும் பேரிங்கை ஒருமுறையும் மாற்றியிருக்கிறேன், வேறு செலவில்லை.

பழைய இயந்திரம் வாங்குபவர்கள் மோட்டாரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் வடிகட்டித் துணியைப் பார்க்கச் சொல்வேன். வீட்டு வகைகள் பலவற்றில் உறிஞ்சிய காற்றே மோட்டாரின் ஊடாகச் சென்று அதைக் குளிர்விக்கிறது. ஈரத்தையும் உறிஞ்சும் தொழிற்கூட வகைகளில் மோட்டாரைக் குளிர்விக்கத் தனி விசிறியும் தனிக் காற்று வழியும் உண்டு. தொடக்கத்தில் இந்த வேறுபாடு எனக்குத் தெரியாது. முதல் வகையைச் சேர்ந்த பழைய இயந்திரம் ஒன்றுக்குக் காடாத் துணியில் பை தைத்துப் போட்டேன். வெள்ளையடித்த அறையின் சுண்ணாம்புத் தூசி அந்தத் துணியைக் கடந்து மோட்டாருக்குள் புகுந்து, இரண்டே மாதங்களில் ஆர்மேச்சரை, அதாவது மோட்டாரின் சுழலும் கம்பிச் சுற்றை, கருக்கிவிட்டது. அந்த அளவில் வேறு ஆர்மேச்சர் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதன் பிறகு, மீனாட்சியம்மன் கோயில் எதிரே தையற்கடைகள் இருந்த புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையற்காரர் ஒருவரிடம், நெருக்கமாக நெய்த ட்ரில் துணியை முதலில் நனைத்துச் சுருங்கவைத்து, இரட்டைத் தையலில் பை தைத்து வாங்குகிறேன். சாமிக்குத் தொம்பை (உருளை வடிவத் துணித் தொங்கல்) தைத்துப் பழகிய கை என்பதால் வட்ட விளிம்பு அவருக்குச் சுலபமாக வருகிறது. பை வந்ததும் ஒரு கரண்டி முகப்பவுடரை உறிஞ்சவிட்டு, காற்று வெளியேறும் வாயில் கறுப்புத் துணியைப் பிடித்துப் பார்ப்பேன். துணியில் வெள்ளை படிந்தால் அந்தப் பை ஆகாது.

மின்சாரத்தில் அவசரம் கூடாது. புதிதாக வந்த எதையும் நேரடியாகச் சுவர் பிளக்கில் சொருகுவதில்லை. முதலில் உடலுக்கும் கம்பிக்கும் இடையே 500 வோல்ட் மெக்கரில் (மின்கசிவைக் காட்டும் கருவி) சோதித்து, காய்ந்து வெடித்த ரப்பர் ஒயரை மாற்றி, உலோக உடலுக்கு எர்த் கொடுத்து, பிறகு சீரீஸ் பல்பு (பழுதிருந்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தத் தொடராக இணைத்த பல்பு) வழியாக இயக்குகிறேன். புதிய கார்பன் பிரஷ் போட்டால், வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட்டில் 115 வோல்ட் வைத்து அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். பிரஷின் முனை, அது உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரின் வளைவுக்குத் தேய்ந்து பொருந்திய பிறகே முழு மின்னழுத்தம் தருவது நல்லது. பேரிங் பெரும்பாலும் 608 எண்ணுடையதாகவே அமைவதால், 8 மில்லிமீட்டர் உள்விட்டம், 22 வெளிவிட்டம் என்று சொன்னால் சிம்மக்கல் பக்கத்துக் கடையில் உடனே எடுத்துத் தருகிறார்கள்.

அமெரிக்காவில் செய்த 120 வோல்ட் இயந்திரம் ஒன்றும் என்னிடம் உள்ளது. அதன் தகட்டில் 60 ஹெர்ட்ஸ் என்றிருப்பதைக் கண்டு நண்பர் ஒருவர் நம் 50 ஹெர்ட்ஸில் ஓடாது என்றார். கார்பன் பிரஷ் உள்ள, ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் யுனிவர்சல் மோட்டாருக்கு அது ஒரு பொருட்டன்று. வோல்ட்டை மட்டும் 1500 விஏ (வோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்ஃபார்மரால் இறக்கிக் கொடுக்கிறேன். ஆனால் அந்த டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து அறைக்கு அறை இழுப்பது சிரமம் என்பதால், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் அதை எடுப்பதில்லை.

பழைய ரப்பர் ஹோஸ்கள் மதுரை வெயிலைத் தாங்குவதில்லை. மாடியறையில் வைத்திருந்த இரண்டு ஹோஸ்கள் ஒரே சித்திரையில் விரிசல் விட்டுப்போயின. இப்போது அவற்றைக் கீழே, வளைக்காமல், நீளவாக்கில் தொங்கவிடுகிறேன்.

நூற்பாலையிலிருந்து வந்த இரும்பு டிரம் வகைதான் என் சேகரிப்பில் அரியது. அதன் பையை முதன்முதலில் திறப்பவர்கள் திறந்தவெளியில், முகக்கவசம் அணிந்து, துணியை நனைத்துக்கொண்டு திறக்க வேண்டும். பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் பிசினோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரலாம். ஹார்வி சகோதரர்களின் மில் தொழிலாளர்களுக்காக உருவான எங்கள் ஊரில், விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் அந்த நோயால் வரும் ‘திங்கட்கிழமை நெஞ்சிறுக்கம்’ என்றால் பெரியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த டிரம்மின் மேல் யாரோ ஒரு தொழிலாளி தூரிகையால் ‘ஸ்பின்னிங் 3’ என்று தமிழில் எழுதியிருக்கிறார். துருப் பிடித்த அடிப்பாகத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தேன். அந்த எழுத்துகளின் மேல் இதுவரை ஈரத்துணிகூடப் போட்டதில்லை.