கடைசி அறை ஏன் சூடாகவில்லை? நீராவி ரேடியேட்டரோடு மூன்று குளிர்காலம்

எங்கள் வீட்டில், அடித்தளத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவியாக்கும் பாய்லருக்கு நேர் மேலே இருக்கிறது கூடம். குளிர்காலத்தில் அங்கே பனியனோடு உட்கார்ந்தாலும் வேர்க்கும். அதே நேரத்தில் கோடியில் இருக்கும் படுக்கையறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடப்போம். பழைய வீடு, அறைகளில் இருக்கும் ரேடியேட்டர் என்ற சூடேற்றிகளுக்கு நீராவியை அனுப்பும் ஒற்றைக் குழாய் அமைப்பு. அதாவது நீராவி மேலே ஏறுவதும் அது குளிர்ந்து தண்ணீராகிக் கீழே இறங்குவதும் ஒரே குழாயில்தான்.

முதல் குளிர்காலத்தில் நான் செய்த எல்லாமே தப்பு. அறையின் சூட்டைப் பார்த்து பாய்லரை ஓடவிட்டு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டை ஏற்றினேன், கூடம் இன்னும் வெந்ததுதான் மிச்சம். கூடத்து ரேடியேட்டரின் வால்வைப் பாதி மூடினேன். ராத்திரி முழுக்க யாரோ சுத்தியலால் அடிப்பது போல ‘டமார் டமார்’ என்று சத்தம். ஒற்றைக் குழாயில் அந்த வால்வு ஒன்று முழுசாகத் திறந்திருக்க வேண்டும், இல்லை முழுசாக மூடியிருக்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. பாதியில் நிறுத்தினால் உள்ளே சேரும் தண்ணீர் திரும்பி வர வழியில்லாமல் தேங்கிவிடும். பழுது பார்க்க வந்தவரோ பாய்லரின் அழுத்தத்தை 5 பிஎஸ்ஐக்கு (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அளவு) ஏற்றிவிட்டுப் போனார். வேகமாகத் தள்ளினால் கோடி வரைக்கும் போய்ச் சேராதா என்று எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எரிபொருள் செலவு ஏறியது, அறை அப்படியே இருந்தது.

குறுகிய வாய்ப் பாட்டிலில் புனலை இறுக்கமாக வைத்து எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்களா? புனலில் எண்ணெய் நிறைந்திருக்கும், ஆனால் இறங்காது. உள்ளே இருக்கும் காற்று வெளியே வர வழியில்லை. புனலை லேசாகத் தூக்கினால் மளமளவென்று இறங்கும். என் வீட்டுப் பிரச்சினை முழுக்க இதுதான். பாய்லர் ஓய்ந்திருக்கும்போது குழாயிலும் ரேடியேட்டரிலும் காற்று நிறைந்துவிடுகிறது. அந்தக் காற்று வெளியேறினால்தான் நீராவி உள்ளே வரும். வெளியே விடுவதற்கென்றே ஒவ்வொரு ரேடியேட்டரிலும் ஓர் ஏர் வென்ட் உண்டு. நீராவியின் சூடு பட்டதும் மூடிக்கொள்ளும். அதைவிட முக்கியமானது, அடித்தளத்தில் ஓடும் பெரிய குழாயின் கோடியில் இருக்கும் வென்ட். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு முதல் வருஷம் தெரியாது.

ஒரு நாள் காலையில் வீடு ஜில்லென்று இருக்கும்போது சாக்பீஸோடு அடித்தளத்துக்கு இறங்கினேன். பாய்லரைப் போட்டுவிட்டு, குழாய் எதுவரைக்கும் சுடுகிறது என்று விரலால் தட்டித் தட்டிப் பார்த்தேன் (பிடித்துப் பார்க்காதீர்கள், கொப்பளித்துவிடும்). ஆச்சரியம் என்னவென்றால், சூடு படிப்படியாகப் பரவுவதில்லை. ஓர் இடத்தில் கை வைக்க முடியாத கொதி. அங்கிருந்து ஒரு சாண் தள்ளிப் பச்சைத்தண்ணீர் போலக் குளிர்ச்சி. அந்த எல்லை நத்தை மாதிரி நகர்ந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே போனேன். கோடியை எட்ட 32 நிமிஷம். அதற்குள் கூடம் சூடாகி, பக்கத்திலேயே இருக்கும் தெர்மோஸ்டாட் பாய்லரை நிறுத்திவிடும். கோடி அறைக்கு முறை வருவதற்குள் பந்தியே முடிந்துவிடுகிறது!

கோடியில் இருந்த வென்ட் மேல் நாலைந்து பூச்சு பெயிண்ட். பாய்லர் ஆறிய பிறகு கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன், காற்று துளிகூடப் போகவில்லை. ஆறியிருக்கும்போது அது திறந்திருக்க வேண்டும். அதை எறிந்துவிட்டு அந்த இடத்தில் பெரிய வென்ட் இரண்டு மாட்டினேன். மறுநாள் அதே சாக்பீஸ், அதே குழாய்: 7 நிமிஷம்.

அடுத்து அழுத்தம். 0.5 பிஎஸ்ஐயில் எரியத் தொடங்கி 1.5இல் நிற்கும்படி இறக்கினேன். வீட்டுக்கு அது தாராளம். அழுத்தம் கூடினால் ஒருமுறை மூடிய வென்ட் மறுபடி திறக்காமல் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். இறக்கியும் அழுத்தம் குறையாமல் அடம்பிடித்தது. பார்த்தால், அழுத்தத்தைப் பார்த்து பாய்லரை நிறுத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே பன்றிவால் போலச் சுருண்டிருக்கும் சின்னக் குழாய் துருச்சேற்றால் அடைத்திருந்தது. அது அடைத்தால் பாய்லரில் என்ன அழுத்தம் என்பதே அந்தப் பெட்டிக்குத் தெரியாது. பர்னர், கேஸ் பக்கம் மட்டும் நான் கை வைக்கவில்லை, அதற்கு ஆள்தான் வந்தார்.

இரண்டாம் குளிர்காலத்தில் கோடி அறை சூடானது, கூடவே புதுத் தொல்லையும் வந்தது. அந்த ரேடியேட்டரின் வென்ட் தண்ணீர் துப்ப ஆரம்பித்தது. மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்: தரை உட்கார்ந்து, ரேடியேட்டர் வால்வுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. தண்ணீர் வால்வு வழியாகத்தானே திரும்ப வேண்டும்? வென்ட் பக்கக் கால்களுக்கு அடியில் மெல்லிய பலகைத் துண்டு செருகினேன். அன்றோடு துப்பல் நின்றது. மூன்று வருஷத்தில் காசே ஆகாமல் தீர்ந்தது இது ஒன்றுதான்.

வெறுமனே கிடந்த அடித்தளக் குழாய்க்கு ஓர் அங்குல ஃபைபர்கிளாஸ் உறையும் போட்டேன். உங்கள் குழாயில் பழைய வெள்ளை உறை ஏதாவது சுற்றியிருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், முதலில் பரிசோதிக்கக் கொடுங்கள்.

மூன்றாம் குளிர்காலம் முழுக்க வென்ட் மாற்றும் விளையாட்டுதான். கூடத்துக்கு மெதுவாகக் காற்று விடும் வென்ட், கோடி அறைக்கு வேகமானது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, இரண்டு மூன்று குளிர் நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆசைப்பட்டு மிகப் பெரியதை மாட்டியபோது அது மறுபடி தண்ணீர் துப்பியது. ஒரு அளவு குறைத்ததும் சரியானது.

இன்று கூடத்துக்கும் கோடி அறைக்கும் வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள் இருக்கிறது. வாரம் ஒருமுறை, தண்ணீர் குறைந்தால் பாய்லரை நிறுத்தும் கருவியிலிருந்து ஒரு வாளி சேற்றுத்தண்ணீரை வடிக்க வேண்டும், அது ஓயாத வேலை. கண்ணாடிக் குழாயில் நீர்மட்டத்தையும் அப்போதே பார்த்துவிடுவேன். அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டி வந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

குளியலறை ரேடியேட்டர் மட்டும் இன்னும் கால் மணி நேரம் பிந்தித்தான் சூடாகிறது. வென்ட் மாற்றியாயிற்று, சாய்வும் சரி. அதற்குப் போகும் கிளைக் குழாய் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்குகிறதோ என்று சந்தேகம். பாய்லரை நிறுத்தும் காலம் வந்ததும் ரசமட்டத்தோடு கீழே இறங்க வேண்டும்.