12 பழைய கணினிகளும் ஸ்லர்மும்: மூன்று வருட அனுபவம்

நிறுவி முடித்த அன்றைக்கு எந்த மென்பொருளும் நன்றாகத்தான் தெரியும். அதனால்தான் அப்போது எழுதாமல், மூன்று மழைக்காலம் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். கும்பகோணம் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இளங்கலை கணினி அறிவியல் இரண்டாம் வருடம் படித்தபோது லேபுக்குப் புதுக் கணினிகள் வந்தன. ஓரங்கட்டிய பழையவை 12 இருந்தன, எல்லாம் ஐ3, 8 ஜிபி ரேம், சாதாரண ஹார்ட் டிஸ்க். ஏலத்துக்குப் போவதற்கு முன்னால் துறைத்தலைவரிடம் கேட்டு வாங்கி, பின்பக்க ஸ்டோர் ரூமில் மேசை போட்டு அடுக்கினோம். இப்போது அதே கல்லூரியில் முதுகலை முடிக்கப் போகிறேன், அந்த 12 கணினிகளும் இன்னும் ஓடுகின்றன. ஒன்று தலைமைக் கணினி, மீதி 11 கணினிகளும் வேலைக் கணினிகள். எல்லோருடைய வேலையையும் அவற்றுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பது ஸ்லர்ம் என்ற திறந்த மூல மென்பொருள்.

பழைய பெட்டிகளை வலையில் கட்டி ஒரே கணினி போல வேலை வாங்குவது, அதாவது கிளஸ்டர், புது யோசனை கிடையாது. 1994-ல் நாசாவின் கொடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும் 16 சாதாரண 486 கணினிகளை ஈதர்நெட்டில் கட்டி லினக்ஸ் போட்டு ஓட்டினார்கள், அதற்குப் பெயர் பியோவுல்ஃப். எங்கள் பாடத்தில் அதைப் பற்றி இரண்டே பத்தி. அந்த இரண்டு பத்தியைப் படித்துவிட்டுத்தான் இறங்கினோம்.

முதலில் போட்டது ராக்ஸ், கிளஸ்டரை மொத்தமாக நிறுவித் தரும் மென்பொருள். ஒரு சீனியர் அண்ணன் பென்டிரைவில் வைத்துவிட்டுப் போயிருந்தார். சான் டியாகோ சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தில் 2000-ல் ஆரம்பித்த திட்டம் அது. தலைமைக் கணினியில் நிறுவிவிட்டு, ஒரு கட்டளையைக் கொடுத்துவிட்டு, மற்ற கணினிகளை ஒவ்வொன்றாக வலை வழியே பூட் செய்தால் போதும், தானே பெயர் வைத்து, தானே நிறுவி, வரிசையில் சேர்த்துக்கொள்ளும். கிளஸ்டர் என்றால் உள்ளே என்னென்ன இருக்க வேண்டும் என்று எனக்குப் புரிய வைத்தது அதுதான், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் அதன் 7-ம் பதிப்பு 2017 டிசம்பரில் வந்தது, சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் மேல் நிற்பது. சென்ட்ஓஎஸ் 7-க்கு ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடியப் போகிறது என்பது அப்போதே தெரியும். அதனால் ஒரு செமஸ்டர் ஓட்டிப் பழகிவிட்டு மாறிவிட்டோம். திறந்த மூல மென்பொருளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: கடைசியாக எப்போது புதுப் பதிப்பு வந்தது, அது எந்த லினக்ஸ் மேல் நிற்கிறது, அந்த லினக்ஸுக்கு இன்னும் எத்தனை நாள் ஆயுள். ஓபன்மோசிக்ஸ் என்று ஒன்று இருந்தது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே (புராசஸ்) ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும், அருமையான யோசனை, 2008 மார்ச்சில் மூடிவிட்டார்கள்.

அடுத்து ஓபன்எச்பிசி. 2015-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அறிவித்த திட்டம். கிளஸ்டருக்கு வேண்டியதையெல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற பதிப்புகளாகத் தொகுத்துத் தருகிறார்கள். அவர்களுடைய நிறுவல் கையேடு சமையல் குறிப்பு மாதிரி, வரி வரியாக அடித்துக்கொண்டே போகலாம். ஆனால் நாங்கள் பின்பற்றிய குறிப்பில் வேர்உல்ஃப் என்ற கருவி மூலம் வேலைக் கணினிகள் டிஸ்க் இல்லாமல் பூட் ஆகும், அதாவது இயங்குதளத்தின் மொத்த உருவமும் ரேமிலேயே போய் உட்காரும். 128 ஜிபி ரேம் இருக்கிற இடத்தில் அது யாருக்கும் உறைக்காது. 8 ஜிபியில் உறைக்கும். எங்கள் கையில் இருப்பதே கொஞ்சம், அதில் ஒரு பங்கை இயங்குதளத்துக்குக் கொடுத்துவிட்டால் வேலைக்கு என்ன மிஞ்சும்? கையேட்டை நோட்டில் எழுதி எழுதிக் கற்றுக்கொண்டு, கடைசியில் ராக்கி லினக்ஸை டிஸ்கிலேயே நிறுவி, எல்லாக் கணினிக்குமான அமைப்புகளை ஆன்சிபிள் என்ற தானியங்கிக் கருவியில் எழுதி வைத்து, மேலே ஸ்லர்ம் மட்டும் போட்டோம். இன்று வரை அதுதான்.

சரி, ஸ்லர்முக்கு வருகிறேன். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்த வேலை வரிசை மென்பொருள் இது. யார் வேலை எந்தக் கணினியில், எப்போது, எவ்வளவு நேரம் என்று பங்கு பிரித்துக் கொடுப்பதுதான் இதன் தொழில். 2022 ஜூனில் உலகச் சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியலில் முதலிடம் பிடித்த ஃப்ரான்டியரிலும் இதே ஸ்லர்ம்தான். அங்கே வேலையைப் போடவும் வரிசையைப் பார்க்கவும் அடிக்கும் எஸ்பேட்ச், எஸ்கியூ கட்டளைகளையே இந்த ஸ்டோர் ரூமில் மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவில் அடித்துப் பழகுகிறோம் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். லீவில் வீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இத்தனை பேரு வேலை நிக்குதே, எவனது முதல்ல ஓடும்?"

"முறை இருக்குப்பா. போன வாரம் நிறைய ஓட்டினவன் இந்த வாரம் பின்னாடி போவான், ஒண்ணும் ஓட்டாதவன் முன்னாடி வருவான்."

"ஆத்துல முறை வச்சுத் தண்ணி விடுற மாதிரியா? அப்ப கடைமடைக்குத் தண்ணி போவுதாடா தம்பி?"

எங்கள் ஊர்ப் பக்கத்து மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் கேள்வி சும்மா விடவில்லை. தலைப்பில் ஷட்டர் திறந்தாகிவிட்டது என்பது ஒரு செய்தி, கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறியது என்பது வேறு செய்தி. அன்றிலிருந்து கிளஸ்டரில் எந்த மென்பொருளையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்: 11-வது கணினியில் என்ன நடக்கிறது, அது படுத்தால் எனக்கு எப்படித் தெரியும், தெரிவது என்ன மொழியில் தெரியும்.

அப்பாவிடம் சொன்ன முறைக்கு ஸ்லர்மில் ஃபேர்ஷேர் என்று பெயர். ஒருவர் பயன்படுத்தியது கணக்கில் ஏறும், ஆனால் காலம் போகப் போகக் கரையும், மாற்றாமல் விட்டால் 7 நாளுக்கு ஒருமுறை அந்தக் கணக்கு பாதியாகும். ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் மாதத்தில் ஒரு மாணவர் ஒரே ராத்திரியில் 200 வேலைகளை வரிசையில் போட்டார், மறுநாள் மற்றவர்கள் எல்லோரும் சண்டைக்கு வந்தார்கள். அது வரைக்கும் முதலில் வந்தவருக்கு முதலில் என்று விட்டிருந்தோம். கணக்கு எழுத மரியாடிபி என்ற தரவுத்தளம் போட்டு, ஃபேர்ஷேரைத் திறந்த பிறகு அந்தச் சண்டை திரும்ப வரவே இல்லை. இன்னொன்று பேக்ஃபில். பெரிய வேலை ஒன்று நான்கு கணினி காலியாகட்டும் என்று காத்திருக்கும்போது, அதற்குள் முடிந்துவிடும் சின்ன வேலைகளை நடுவில் நுழைத்து ஓட்டிவிடும். ஆனால் வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நாம் ஒழுங்காக எழுதினால்தான் அது நடக்கும். எல்லோரும் பயத்தில் 24 மணி நேரம் என்று எழுதினால் நுழைக்க இடம் எங்கே? ஜூனியர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

இப்போது கஷ்டங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பதுக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். யூபிஎஸ் தலைமைக் கணினிக்கு மட்டும். அதையும் நாங்களே முறையாக அணைத்துவிடுவோம். முதல் முறை கரண்ட் திரும்ப வந்து எல்லாவற்றையும் போட்டபோது 11 கணினிகளும் டவுன் என்று நின்றன. கணினி எதிர்பாராமல் ரீபூட் ஆனது என்று காரணமும் காட்டியது. தானாக ரீபூட் ஆன கணினியை ஆள் வந்து பார்க்கும் வரை சேர்த்துக்கொள்ளக்கூடாது என்பது ஸ்லர்மின் இயல்பான எச்சரிக்கை, பெரிய நிலையத்துக்கு அது சரி. எங்களுக்கு ரிட்டர்ன்டுசர்வீஸ் என்ற அமைப்பை 2 என்று மாற்ற வேண்டியிருந்தது.

அதைவிட மோசமானது ஒரு நவம்பரில். மழை, இரண்டு நாளாக விட்டு விட்டுக் கரண்ட். மூன்றாம் நாள் போட்டால் நான்கு கணினிகள் மட்டும் சேரவே மாட்டேன் என்கின்றன. பிங் போகிறது, எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழையவும் முடிகிறது, ஸ்லர்ம் மட்டும் பேசவில்லை. தலைமைக் கணினியின் பதிவில் அடையாளச் சீட்டு காலாவதி என்றது, வேலைக் கணினியின் பதிவில் சீட்டு எதிர்காலத்திலிருந்து வந்திருக்கிறது என்கிற அர்த்தத்தில் ஒரு பிழை. சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் அடையாளம் சரிபார்க்கும் சாவிக் கோப்பைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன், அனுமதிகளை மாற்றினேன், ஒன்றும் நகரவில்லை. அப்புறம் சும்மா ஒரு கணினியில் தேதி என்ன என்று பார்த்தேன். 2010 என்று காட்டியது.

மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி செத்துவிட்டது, அவ்வளவுதான். ஸ்லர்ம் கணினிகளுக்குள் அடையாளம் சரிபார்ப்பது மஞ்ச் என்ற இன்னொரு திறந்த மூல மென்பொருள் வழியாக. அது கொடுக்கும் சீட்டுக்குச் சாதாரணமாக 300 நொடிதான் ஆயுள். இரண்டு கணினியின் கடிகாரமும் அதற்கு மேல் விலகினால் சீட்டு செல்லாது. மறுநாள் பெரிய தெருவில் ஒரு வாட்ச் கடையில் சிஆர்2032 பேட்டரி 12 வாங்கி எல்லாவற்றுக்கும் மாற்றினோம். தலைமைக் கணினியை நேரச் சர்வராக வைத்து, வேலைக் கணினிகளில் குரோனி என்ற நிரல் நேரத்தைச் சரி செய்த பிறகே மஞ்சும் ஸ்லர்மும் தொடங்க வேண்டும் என்று வரிசையும் எழுதி வைத்தோம். பேட்டரியை நெம்பி எடுக்கும்போது கிளிப்பில் பச்சையாகப் பூத்திருந்தது, ஈரக்காற்றில் எட்டு வருடம் இருந்த கணினிகள்.

பிழைச் செய்தி முழுசாகப் புரியாதபோது மூல நிரலையே திறந்து தேடினேன். நினைவகம் போதவில்லை என்று ஒரு கணினியை ஸ்லர்ம் ஒதுக்கி வைத்தபோது அந்த வரி எந்தக் கோப்பில் வருகிறது, எந்த இரண்டு எண்களை ஒப்பிடுகிறது என்று சி நிரலில் பார்த்தேன். அமைப்புக் கோப்பில் நான் நினைவகம் 8192 எம்பி என்று எழுதியிருந்தேன், கிராஃபிக்ஸ் எடுத்தது போகக் கணினியிடம் உண்மையில் இருந்தது அதைவிடக் குறைவு. வேலைக் கணினியில் ஓடும் ஸ்லர்ம்டி நிரலை -C என்று (பெரிய எழுத்து) சேர்த்து அடித்தால் சரியான எண்ணை அதுவே சொல்லும் என்பதும் அப்போது தெரிந்தது. படிக்கிற காலத்தில் திறந்த மூலத்தைப் பயன்படுத்த எனக்கு இந்த ஒரு காரணமே போதும், காசு மிச்சம் என்பதெல்லாம் இரண்டாவதுதான்.

எம்பிஐ வேலைகளில், அதாவது பல கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே சேர்ந்து செய்கிற வேலைகளில், கடைமடை நேராகவே கண்ணில் பட்டது. ஓபன் எம்பிஐ வைத்து லின்பேக் என்ற வேகச் சோதனையை ஓட்டினால் 8 கணினி கொடுத்த வேகத்தை 11 கணினி கொடுக்கவில்லை, குறைந்தது. பதிப்பை மாற்றினேன், வேலையைக் கணினிகளுக்குப் பிரிக்கும் பி, கியூ எண்களை மாற்றினேன், ஒரு வாரம் போனது. பிறகு ஒவ்வொரு கணினியிலும் வலை வேகத்தைக் காட்டும் ஈத்டூல் கட்டளையை அடித்துப் பார்த்தால் 9-வது கணினி மட்டும் 100 மெகாபிட்டில் நிற்கிறது, மற்றவை எல்லாம் 1000. கிகாபிட்டுக்கு கேபிளில் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். அந்த முனையில் ஒரு ஜோடி சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை, அதாவது கம்பி இணைப்பியில் அழுந்திப் பிடிக்கவில்லை. கனெக்‌ஷன் இருக்கிறது, விளக்கு எரிகிறது, பிங் போகிறது, ஆனால் எல்லோரும் பேசி முடித்தால்தான் அடுத்த படி என்கிற வேலையில் 10 பேரும் அந்த ஒருவருக்காகக் காத்து நிற்கிறார்கள். முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் பண்ணினேன், ஐந்து நிமிட வேலை.

உருப்படியாக என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். வேளாண்மை படிக்கும் நண்பன் ஒருவனோடு சேர்ந்து சம்பா வயல்களில் எங்கெங்கே மழைத்தண்ணீர் வடியாமல் நிற்கிறது என்று செயற்கைக்கோள் படத்திலிருந்து குறிக்கிற வேலை. வடகிழக்குப் பருவமழையில் மேகம் மூடியிருக்கும், சாதாரணப் படம் உதவாது. சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், அசையாத தண்ணீர்ப் பரப்பு அதில் கறுப்பாகத் தெரியும், படங்களும் இலவசம். படத்தை 400 துண்டாக வெட்டி ஸ்லர்மில் ஒரே ஸ்கிரிப்ட்டை ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக ஓட்டும் வேலையாக (ஜாப் அர்ரே), கணினிக்கு இரண்டு வீதம் ஒரு நேரத்தில் 22 துண்டு ஓடும்படி போட்டோம். நண்பனின் லேப்டாப்பில் ஒன்றரை நாள் ஆனது இங்கே ராத்திரி போட்டால் விடியும்போது முடிந்திருக்கும். துண்டுகள் ஒன்றோடொன்று பேசத் தேவையில்லாத இந்த மாதிரி வேலைக்குப் பழைய கணினிகள் நன்றாகவே போதும்.

எச்டிகண்டோர் என்ற இன்னொரு வேலை வரிசை மென்பொருளையும் ஒரு செமஸ்டர் ஓட்டினேன், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1988 வாக்கில் தொடங்கியது. யாரும் கீபோர்டைத் தொடாத நேரத்தில் மட்டும் வேலையை ஓட்டி, ஆள் வந்ததும் ஒதுங்கிக்கொள்ளும். தனிக் கணினிகள் கிடைக்காமல் லேப் கணினிகளையே பகிர வேண்டிய கல்லூரிக்கு நான் இதைத்தான் சொல்வேன். கன்டெய்னர்களைப் பல கணினிகளில் ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸையும், அதன் சின்ன வடிவமான கே3எஸ் போட்டுப் பார்த்தாயிற்று, எப்போதும் ஓட வேண்டிய சேவைகளுக்கு நல்லது, ராத்திரி போட்டு விடியலில் எடுக்கும் வேலைக்கு ஸ்லர்ம்தான் கைக்கு வருகிறது. திருச்சி என்ஐடியில் 2022-ல் தொடங்கிய 838 டெராஃப்ளாப்ஸ் வேகமுள்ள பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர் எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆனால் அமைப்புக் கோப்பைக் கெடுத்து, அழித்து, மறுபடி எழுதிப் பார்க்க ஒரு மாணவனுக்கு இந்த ஸ்டோர் ரூம்தான் வேண்டும்.

ஸ்லர்முக்குப் புதுப் பதிப்பு ஏற்றும்போது வரிசை முக்கியம்: முதலில் கணக்கு எழுதும் தரவுத்தள சேவை, பிறகு தலைமை, கடைசியில் வேலைக் கணினிகள். நான் ஒருமுறை வேலைக் கணினிகளை முதலில் ஏற்றி ஒரு சனிக்கிழமை முழுவதையும் இழந்தேன்.

வரும் ஏப்ரலில் படிப்பு முடிகிறது. இரண்டாம் வருடத் தம்பி தங்கைகள் நான்கு பேர் எடுத்துக்கொள்கிறார்கள். அமைப்புக் கோப்புகளின் பிரதி, கையால் எழுதிய நோட்டு, கிரிம்பிங் டூல், உபரி பேட்டரி ஆறு, எல்லாம் ஸ்டோர் ரூம் பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது. 9-வது கணினியின் மின்விசிறி சத்தம் போட ஆரம்பித்திருக்கிறது, மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.