நிழற்படமா, ஆவணப்படமா?

காவிரிப் படுகையைப் பதிவுசெய்ய விரும்பும் இளைஞர்கள் பலர், நிழற்படக் கலைஞராவதா ஆவணப்பட இயக்குநராவதா என்று தயங்குகிறார்கள்.

செலவு: நிழற்படத்துக்கு ஒரு கேமராவும் இரண்டு லென்சுகளும் போதும். ஆவணப்படத்துக்கோ ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என்று நீளும். நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவுசெய்தால் ஒரு மணி நேரக் காட்சிக்கே 45 ஜிபி இடம் வேண்டும்.

காலம்: 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னந்தோப்பை ஒரே படம் சொல்லிவிடும். ஆனால், ஜூன் 12 அன்று மேட்டூரில் திறக்க வேண்டிய நீர் தாமதமாகும்போது, கடைமடை விவசாயி குறுவையைக் கைவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருப்பதைச் சொல்ல, நாற்றங்கால் முதல் அறுவடை வரை உடனிருக்கும் ஆவணப்படமே ஏற்றது.

வருமானம்: இரண்டிலும் நிச்சயமில்லை, பெரும்பாலும் கல்யாணப் படப்பிடிப்புதான் சோறு போடும்.

தனியே உழைத்து விரைவில் வெளியிட எண்ணுபவருக்கு நிழற்படம் பொருந்தும். ஒரே ஊரில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பிறர் பேச்சைப் பொறுமையாகக் கேட்கக் கூடியவருக்கு ஆவணப்படம் பொருந்தும்.