பேனா உப்பு மீட்டர்: அலையாத்திக் கரையோர வீட்டுக்கு வாங்கலாமா?

அலையாத்திக் காட்டை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் கிணறு ஒரே நாளில் கெடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உப்பேறும். தினமும் அதையே குடிக்கும் நாக்குக்கு வித்தியாசம் பிடிபடாது. அதனால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) மீட்டர் என்று விற்கப்படும் பேனா அளவுக் கருவி இந்த வீடுகளுக்கு உண்மையிலேயே தேவை. ஆனால் கடையில் முதலில் கையில் கிடைக்கும் மலிவான மாடலை வாங்கிவிட வேண்டாம்.

பெரிய குறை திரையிலேயே இருக்கிறது. மூன்று இலக்கம் மட்டும் காட்டும் மாடல்களில் அளவு 999-ஐத் தாண்டியதும் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘×10’ என்று வரும். அதைக் கவனிக்காமல் 1,850-ஐ 185 என்று படித்து, ‘நல்ல தண்ணீர்’ என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அடுத்த சிக்கல் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு உப்பு) கணக்கு. கருவி அளப்பது மின்கடத்துத்திறனைத்தான். அதை 0.5 அல்லது 0.7-ஆல் பெருக்கி பிபிஎம் ஆக்குகிறது. ஒரே தண்ணீர் ஒரு பேனாவில் 1,000, இன்னொன்றில் 1,400 என்று வருவது இதனால்தான். ஆகவே ‘இசி’ எனப்படும் மின்கடத்துத்திறனை, அதன் அலகான மைக்ரோசீமென்ஸில் நேராகக் காட்டும் மாடலே நல்லது. மலிவான பேனாக்கள் பெரும்பாலும் 9,990-ஓடு நின்றுவிடும். கடல்நீர் 50,000 மைக்ரோசீமென்ஸை ஒட்டி வரும் என்பதால், கடல் ஓதம் ஏறும் ஓடையில் அவை வேலைக்கு ஆகாது. கிணற்றுக்கும் வயலுக்கும் 20,000 வரை அளப்பது போதும்.

வாங்கியதும் 1,413 மைக்ரோசீமென்ஸ் அளவுத் திரவத்தில் முக்கிச் சரிபார்க்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் 5 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 5 கிராம் உப்பைக் கரைத்தால் ஏறக்குறைய 2,000 மைக்ரோசீமென்ஸ் காட்ட வேண்டும். லிட்டருக்கு 1 கிராம்தான் கணக்கு; ஆனால் 1 கிராமைச் சமையலறைத் தராசில் சரியாக நிறுக்க முடியாது, அதற்காகத்தான் 5.

எங்கே அளக்கிறோம் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். உப்புநீர் கனமானது, அடியில் கிடக்கும். மழைநீர் அதன்மேல் மிதக்கும். வாளியால் மேலாக மொண்டு அளந்தால் 700 காட்டும் கிணற்றில், மோட்டார் உறிஞ்சும் ஆழத்தில் 4,000 இருக்கலாம். ஒரு பாட்டிலில் கல்லைக் கட்டி, மூடியாக வைத்த தக்கையில் தனிக் கயிறு முடிந்து, வேண்டிய ஆழத்துக்கு இறக்கிய பிறகு தக்கையைச் சுண்டி இழுங்கள். அந்த ஆழத்துத் தண்ணீர் ஏறும். மேலே, நடுவே, அடியில் என மூன்று அளவுகள் எடுங்கள். பேனாவை முக்கி லேசாக ஆட்டி, ஊசிகளில் ஒட்டிய காற்றுக்குமிழியைப் போக்கி, அரை நிமிடம் விட்டுப் படியுங்கள். வாரம் ஒருமுறையும், அமாவாசை பௌர்ணமி ஓதத்தின்போதும் நோட்டில் எழுதி வைத்தால்தான் இந்தக் கருவிக்குக் கொடுத்த காசு தகும். அடி அளவு வாரத்துக்கு வாரம் ஏறினால் மோட்டாரை ஓட்டும் நேரத்தைக் குறைக்க வேண்டும். கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் நன்னீர் 10 செ.மீ. இறங்கினால், நாளடைவில் அடியிலிருக்கும் உப்புநீர் சுமார் 4 மீட்டர் மேலேறும் என்பது நிலத்தடி நீரின் கணக்கு.

புயல் அலை கிணற்றுக்குள் புகுந்த பிறகு இதன் அருமை தெரியும். பதறிப்போய் ஒரேயடியாக இறைத்துக் காலி செய்தால் உறை சரியலாம், அடி உப்பும் மேலே வரும். சிறிது சிறிதாக இறைத்து, அளவு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்காமல் ஓரிடத்தில் நின்றால் இறைப்பதை நிறுத்திவிட்டு மழைக்குக் காத்திருங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில் 600 பிபிஎம்முக்குக் கீழே தண்ணீரின் சுவை நன்று, 1,000-க்கு மேல் குடிக்கப் பிடிக்காமல் போகும். இது சுவைக்கான அளவு மட்டுமே. வெள்ளம் கொண்டுவரும் மலக்கிருமியையும், நிலத்தடி நீரில் இருக்கக்கூடிய ஆர்செனிக் என்ற நஞ்சையும் இந்தப் பேனா காட்டவே காட்டாது. அளவு 300 என்றாலும் கிருமிக்காகக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்; ஆர்செனிக் காய்ச்சினாலும் போகாது.

அமிலமும் இதற்குப் புலப்படாது. அலையாத்திச் சேறு கறுத்து, அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதைத் தோண்டி வரப்பில் போட்டுக் காயவிட்டால் உள்ளே இருக்கும் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றுப்பட்டுக் கந்தக அமிலமாகும். மண்ணில் வெளிர் மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் அதுதான் அறிகுறி. முதல் மழையில் அந்த அமிலம் குட்டையில் இறங்கி மீன் சாகும். பேனாவோடு, அமிலத்தன்மையை நிறமாற்றத்தில் காட்டும் பிஎச் தாளும் ஒரு கட்டு வாங்கிவிடுங்கள்.

இந்தப் பேனா நீடித்து உழைப்பது சுமார்தான். ஓடைத் தண்ணீரில் முக்கி அப்படியே மூடி போட்டால் ஊசிகளில் உப்பு பூத்து, அடுத்த அளவு தாறுமாறாகும். மழைநீரில் அலசி, உதறி, நிழலில் உலர்த்தியபின் மூடுங்கள். படிந்த கறைக்குச் சில நிமிடம் வினிகர் போதும், பிளேடால் சுரண்டக் கூடாது. பட்டன் பேட்டரி இருக்கும் இடம் உப்புக்காற்றில் பச்சை பூத்துப் போகும். மூடியில் ரப்பர் வளையம் இல்லாத மாடலைத் தொடவே வேண்டாம்.