குடல் எடுப்பவரா, பீப்பாய் அடுக்குபவரா?

ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தில் ஹெர்ரிங் என்ற கடல்மீனை உப்பிட்டுப் பீப்பாயில் பதப்படுத்தும் துறையில் பெண்கள் மூவர் மூவராகவே வேலைக்குச் சேர்ந்தார்கள்: இருவர் குடல் எடுக்க, ஒருவர் பீப்பாயில் அடுக்க. வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளின் லெர்விக் துறைமுகத்தில் தொடங்கி இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள கிரேட் யார்மத் வரை மீன் போன வழியே இவர்களும் போனார்கள். கூலி பீப்பாய்க் கணக்கு, மூவருக்கும் பங்கு.

குடல் எடுப்பவருக்கு வேகம்தான் எல்லாம். குட்டைக் கத்தியைத் தொண்டையில் செருகி ஒரு திருப்பு. செவுளும் குடலும் சேர்ந்து வந்துவிடும். கைதேர்ந்தவர் நிமிடத்துக்கு 60 மீன் வரை முடிப்பார். அதே வீச்சில் அளவு பார்த்துத் தனித்தனித் தொட்டியில் போடவும் வேண்டும். விரல்களில் துணி சுற்றியிருந்தாலும் கத்தி படும்; அந்த வெட்டில் உப்பு இறங்கினால் ஆறாத புண்.

அடுக்குபவருக்குக் கத்திக்காயம் குறைவு, ஆனால் முதுகு போய்விடும். பீப்பாயின் அடிவரை குனிய வேண்டும். அதனால் பெரும்பாலும் உயரமானவரே இந்த வேலைக்கு. மீனை வயிறு மேலாக, அடுக்குக்கு அடுக்கு குறுக்காக வைத்து இடையில் உப்பு தூவுவார். உப்பு குறைந்தால் மீன் கெடும். சில நாளில் மீன் சுருங்கி மட்டம் இறங்கும். உப்புநீரை வடித்து, மேலே மீன் நிரப்பி, மூடியபின் தக்கைத் துளை வழியே அந்த நீரையே ஊற்றுவார்கள். பொறுப்பு அதிகம் இவருக்குத்தான்: குடல் சரியாக எடுத்தும் அடுக்கு பிசகினால் பீப்பாய் தரமிழக்கும்.