பேட்டரி செத்த ஆட்டோமேட்டிக் காரா? இழுக்க வருபவரிடம் உஷார்

பேட்டரி சுத்தமாகப் போய், என் ஆட்டோமேட்டிக் கார் பார்க்கிங்கிலேயே நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. கியர் லிவரும் 'பி'யை (வண்டி நிறுத்தும் பார்க்கிங் நிலை) விட்டு அசையவில்லை. கூப்பிட்டதும் வந்த ரெக்கவரி வண்டிக்காரர் லிவரை ஆட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸ் ஜாம் ஆயிடுச்சு சார், பெரிய வேலை" என்றார்.

பிறகு என்னைக் கேட்காமலே முன்பக்கம் கொக்கியை மாட்டி, கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சை ஓடவிட்டார். முன் டயர்கள் உருளவே இல்லை, தரையில் கறுப்பாகக் கோடு இழுத்துக்கொண்டு கிரீச்சிட்டன. நான் போட்ட சத்தத்தில்தான் நிறுத்தினார். 'பி'யில் இருக்கும்போது கியர் பாக்ஸுக்குள் ஒரு சின்ன இரும்பு நாக்கு பல்சக்கரத்தில் விழுந்து பிடித்திருக்கும். எஞ்சின் முன் சக்கரங்களை ஓட்டும் காரை அப்படி இழுத்தால் அத்தனை விசையும் அந்த நாக்கின் மேல்தான்.

பிறகு ஆர்.சி.யை எடுத்து வரச் சொன்னார். வந்து பார்த்தால் கார் நியூட்ரலில் நிற்கிறது! "கியர் பாக்ஸைத் திறந்து ரிலீஸ் பண்ணேன்" என்று தனிக் கூலி கேட்டார். லிவருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடி சீட்டில் கிடந்தது. பட்டப்பகலில் என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்.

அந்த மூடிக்குக் கீழே இருப்பது ஷிஃப்ட் லாக் ரிலீஸ். சாதாரணமாக பிரேக்கை மிதித்தால் மின்சாரத்தில் ஒரு பூட்டு விலகி லிவரை விடும். பேட்டரியில் உயிர் இல்லாவிட்டால் அது விலகாது. கியர் பாக்ஸில் ஒரு கோளாறும் இருக்காது. கையால் விலக்கத்தான் கார் கம்பெனிக்காரர்களே இந்த ஓட்டையை வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சரிவில் இதைத் தவறவிட்டால் 'பி' விலகிய நொடியில் வண்டி கிளம்பிவிடும். சாவி போடும் கார் என்றால் ஸ்டியரிங் பூட்டு விடும் வரை திருப்புங்கள். பிரேக்கை மிதித்தபடி மூடியை நெம்பி எடுத்து, ஓட்டைக்குள் ஸ்க்ரூடிரைவரை அழுத்திக்கொண்டே லிவரை 'என்'னுக்கு (நியூட்ரல்) கொண்டு வாருங்கள். சில மாடல்களில் இந்த ஓட்டை லிவரைச் சுற்றிய தோலுறைக்குக் கீழே இருக்கும். கையேட்டில் இடம் போட்டிருப்பார்கள். எஞ்சின் ஓடாததால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இருக்கும், வண்டியைத் தள்ளும்போது ஒருவர் உள்ளே இருக்க வேண்டும்.

பட்டனிலோ திருகியிலோ கியர் மாற்றும் புதிய கார்களில் பெரும்பாலும் இந்த ஓட்டையே கிடையாது. எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்கும் கரன்ட் இல்லாமல் விடாது. அவற்றுக்கு ஜம்ப் ஸ்டார்ட் கருவியோ இன்னொரு 12 வோல்ட் பேட்டரியோ கொடுத்துத்தான் நகர்த்த வேண்டும். சொல்லப்போனால், பழைய காருக்கும் முதலில் அதைத்தான் செய்து பார்த்திருக்க வேண்டும். அந்த ஆளின் வண்டியிலேயே இரண்டு பேட்டரிகளை இணைக்கும் ஜம்பர் கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது, எடுக்கவே இல்லை.

நியூட்ரலுக்கு வந்துவிட்டது என்று ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள நெடுந்தூரம் இழுக்கவும் விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது ஆயில் பம்ப் சுற்றாது, கியர் பாக்ஸ் காய்ந்துபோய் தேயும். முழு வண்டியையும் தூக்கி வைக்கும் ஃபிளாட்பெட்டைக் கேளுங்கள்.

செய்த வேலையைப் பில்லில் எழுதச் சொன்னேன். 'கியர் பாக்ஸ் லேபர்' என்று மட்டும் கிறுக்கிக் கொடுத்தார். அந்தப் பில்லையும் தரையில் விழுந்த டயர் தடத்தின் படத்தையும் சேர்த்து அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.